‘நாவல் மாதிரி இருக்கு’ என்பது வரலாற்று நூலுக்குப் பாராட்டா?

வெகுஜன வரலாற்று நூல்களைப் பற்றி வாசகர்கள் சொல்லும் கருத்துகளைத் தொகுத்துப் பார்த்தால் ஐந்தாறு வாக்கியங்களே திரும்பத் திரும்ப வரும். “நாவல் மாதிரி விறுவிறுப்பு.” “ஆதாரங்களை அள்ளிக் கொட்டியிருக்கிறார்.” “பாடப்புத்தகத்தில் மறைத்ததை வெளியே கொண்டுவந்திருக்கிறார்.” “ஒரு சார்பாக எழுதியிருக்கிறார்.” “மொழிபெயர்ப்பு ஓடவில்லை.” எல்லாமே உண்மையான உணர்விலிருந்து வருபவைதான். ஆனால் அந்தப் புத்தகத்தை வாங்கலாமா, வாங்கினால் எந்த அளவுக்கு நம்பலாம் என்று யோசிக்கும் அடுத்த வாசகருக்கு இவற்றால் அதிகப் பயனில்லை. ஒரு வரலாற்று நூலைப் பற்றிய கருத்து அந்த நூல் எதன் மேல் நிற்கிறது என்பதைத் தொட வேண்டும். அதற்கு ஆய்வாளராக இருக்க வேண்டியதில்லை. பொறுமையாக ஒரு மணி நேரம் செலவழித்தால் போதும்.

முதலில் அந்த ‘நாவல் மாதிரி’ விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதிகம் சொல்லப்படுவதும் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். நல்ல நடை குற்றமல்ல. வறட்டுத்தனமாக எழுதினால்தான் நம்பகமானது என்ற எண்ணமும் தவறு. பார்க்க வேண்டியது, அந்த விறுவிறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை. காலவரிசையை நன்றாக அடுக்கி, இடத்தைக் கண்முன் நிறுத்தி, ஒரு கேள்வியை எழுப்பி அதன் பின்னால் வாசகரை நடத்திச் செல்வதால் வருகிறது என்றால் அது கைத்திறன். அரசன் அன்றிரவு என்ன நினைத்தான், படையெடுப்புக்கு முன் தம்பியிடம் என்ன பேசினான், அரசியின் கண் எப்படிக் கலங்கியது என்பதிலிருந்து வருகிறது என்றால் அங்கே நிறுத்தி யோசிக்க வேண்டும். நாட்குறிப்பும் கடிதங்களும் விட்டுச்சென்ற மனிதர்கள் விஷயத்தில் மனவோட்டத்தைக்கூட ஓரளவு ஆதாரத்தோடு எழுத முடியும். பத்தாம் நூற்றாண்டுச் சோழ அரசனுக்கு அப்படி எதுவும் இல்லை. கல்வெட்டும் செப்பேடும் கொடையைச் சொல்லும், வெற்றியைச் சொல்லும், எல்லையைச் சொல்லும். மனதைச் சொல்லாது.

இதை ஒரே ஒரு சம்பவத்தை வைத்துப் பார்ப்போம். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலை. தமிழில் சோழர் பற்றி வரும் பெரும்பாலான வெகுஜன நூல்களில் இதற்கு ஓர் அத்தியாயம் இருக்கும், வாசகர்கள் மிகவும் ரசித்ததாகச் சொல்வதும் அந்த அத்தியாயமாகத்தான் இருக்கும். இதற்கு நேரடிச் சான்று என்று கையில் இருப்பது காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு. ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ‘பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான’ சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரையும் அவர்களுடைய உறவினரையும் குறிப்பிட்டு, அவர்கள் நிலமும் உடைமையும் பறிக்கப்பட்டு விற்கப்பட்டதைப் பேசுகிறது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்றும், பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்றும் பட்டப்பெயர்கள் இருந்தன. அவ்வளவுதான். எங்கே கொன்றார்கள், எப்படிக் கொன்றார்கள், யார் தூண்டினார்கள், என்ன காரணம் என்பது எதுவும் அந்தக் கல்லில் இல்லை.

மற்றதெல்லாம் ஊகம். ஊகத்திலும் தரம் இருக்கிறது. கொலையாளிகள் தண்டிக்கப்பட்ட செய்தி, ராஜராஜனுக்கு முன் ஆண்ட அவன் சித்தப்பா உத்தம சோழன் ஆட்சியில் வராமல் ராஜராஜன் ஆட்சியில் வருகிறது. ராஜராஜன் அரியணை ஏறாமல் சித்தப்பாவுக்கு விட்டுக்கொடுத்தான் என்ற பொருளில் திருவாலங்காட்டுச் செப்பேடு பேசுகிறது. இவ்விரண்டையும் சேர்த்து உத்தம சோழன் மேல் சந்தேகம் கொண்டார் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். பாண்டிய மன்னன் வீரபாண்டியன் தலையை ஆதித்தன் கொய்ததற்குப் பழிவாங்கல் என்பவர்கள் ‘பஞ்சவன்’ என்ற பட்டம் பாண்டியரைக் குறிப்பதைக் காட்டுகிறார்கள். ஒரு நல்ல வெகுஜன நூல் இதை இப்படித்தான் வைக்கும்: இது கல்வெட்டு, இது செப்பேடு, இதிலிருந்து இவர் இப்படிக் கருதினார், அவர் மறுத்தார், எனக்கு இது சரியாகப்படுகிறது. மோசமான நூல் நேராகச் சதியாலோசனை மண்டபத்துக்குள் வாசகரை அழைத்துப்போய் உட்கார வைத்துவிடும். இரண்டுமே சுவாரஸ்யமாகத்தான் இருக்கும். இரண்டையும் வேறுபடுத்திச் சொல்லும் வாசகர் கருத்து கிடைப்பதுதான் அரிது.

கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அதில் வரும் நந்தினியும் பூங்குழலியும் கற்பனைப் பாத்திரங்கள். வந்தியத்தேவன் உண்மையில் இருந்தவர், ஆனால் நமக்குத் தெரிவது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ராஜராஜனின் அக்கா குந்தவையை ‘வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்’ என்று சொல்வதைப் போன்ற சில குறிப்புகள் மட்டுமே. அந்தப் பெயருக்குள் இவ்வளவு உயிரை ஊற்றியது நாவலாசிரியரின் மேதைமை, அதில் எனக்கு அளவற்ற மரியாதை உண்டு. சிக்கல், பிற்காலத்தில் ‘வரலாறு’ என்ற அட்டையோடு வரும் நூல்கள் அந்தப் பாத்திரங்களின் குணத்தையும் உறவையும் சான்று போல எடுத்துக்கொள்ளும்போது வருகிறது. ஒரு சோதனை சொல்கிறேன். நூலில் ஒரு பாத்திரத்தின் சுபாவம் வர்ணிக்கப்பட்டால், அதே பக்கத்தில் கல்வெட்டு எண்ணோ செப்பேட்டுப் பெயரோ இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த வர்ணனையின் தாய்வீடு நாவலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடுத்தது ‘ஆதாரங்கள் நிறைய’. இது பெரும்பாலும் புத்தகத்தின் கடைசி இருபது பக்கத்தைப் பார்த்து வரும் கருத்து. துணைநூற்பட்டியல் நீளமாக இருப்பது ஆதாரமல்ல. பட்டியலில் இருக்கும் நூலை ஆசிரியர் எந்த வரிக்குப் பயன்படுத்தினார் என்று சொல்லும் அடிக்குறிப்புதான் ஆதாரம். இதைச் சோதிக்க ஓர் எளிய முறை உண்டு. நூலின் முன்பகுதியில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று ‘அட, அப்படியா!’ என்று சொல்ல வைத்த மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் குறிப்பு இருக்கிறதா? இருந்தால் அது எதைக் காட்டுகிறது? மூலச் சான்றையா, ஆய்வு நூலையா, அல்லது இன்னொரு வெகுஜன நூலையா? கடைசி வகை என்றால் அந்த நூலும் இன்னொன்றைக் காட்டும், அது இன்னொன்றை. மூன்றாவது படியில் பெரும்பாலும் தடம் காணாமல் போகும்.

சோழர் விஷயத்தில் மூலச் சான்றைக் காட்டும் முறை தெளிவாக இருக்கிறது. கல்வெட்டு ஆண்டறிக்கை என்றால் எண்ணும் ஆண்டும் இருக்க வேண்டும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்றால் தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும் இருக்க வேண்டும். எபிகிராபியா இண்டிகா என்ற கல்வெட்டு ஆய்விதழ் என்றால் தொகுதியும் பக்கமும். ‘கல்வெட்டுகள் கூறுகின்றன’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது குறிப்பே அல்ல. எந்தக் கல்வெட்டு, எந்த ஊர், எந்த ஆட்சியாண்டு என்ற மூன்றும் இல்லாமல் யாராலும் சரிபார்க்க முடியாது. பெரிய கோயில் கல்வெட்டுகள் ஹூல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசும் நூல் அந்தத் தொகுதியின் எண்ணைக்கூடத் தரவில்லை என்றால், ஆசிரியர் மூலத்தைத் திறந்தே பார்க்கவில்லை என்ற சந்தேகம் நியாயமானது.

அந்தத் தொகுதியைத் திறந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். விமானத்தின் உச்சியில் வைக்க ராஜராஜன் கொடுத்த செப்புக்குடத்தின் எடை 3083 பலம், அதன்மேல் போர்த்திய பொன் தகடு 2926½ கழஞ்சு என்று அரைக் கழஞ்சுவரை கணக்கு எழுதியிருக்கிறார்கள் (பலமும் கழஞ்சும் அக்கால எடை அளவுகள்). கொடுத்தது 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள். இவ்வளவு துல்லியமாக எழுதியவர்கள் உச்சிக்கல்லின் எடையைச் சொல்லவில்லை. பல நூல்களில் அச்சாகும் ‘80 டன் ஒற்றைக்கல்’ கல்வெட்டிலிருந்து வந்ததல்ல. சிகரமும் ஒரே கல்லால் ஆனதல்ல, துண்டுகளாகச் செதுக்கிப் பொருத்தப்பட்டது. கோபுர நிழல் தரையில் விழாது என்ற செய்தியும் இப்படித்தான். காலையிலோ மாலையிலோ முற்றத்தில் நின்றால் நிழல் நீளமாக விழுவது தெரியும். இந்த இரண்டையும் ஒரு நூல் சரிபார்க்காமல் எழுதியிருந்தால், சரிபார்க்க எளிதானதையே விட்டவர் கடினமானதை எப்படிக் கையாண்டிருப்பார் என்று யோசிக்க வேண்டும். ஒரு வாசகர் கருத்தில் இந்த ஒரு தகவல் இருந்தாலே போதும், அது பத்து நட்சத்திர மதிப்பெண்களைவிட உதவும்.

இனி ஆண்டுக்கணக்கு. இதில்தான் வெகுஜன நூல்கள் அதிகம் சறுக்குகின்றன, வாசகர்கள் அதைக் கவனிப்பதும் குறைவு. கல்வெட்டில் கி.பி. இருக்காது, ஆட்சியாண்டுதான் இருக்கும். கல்வெட்டுகளிலுள்ள வானியல் குறிப்புகளை வைத்து ராஜராஜன் 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடைப்பட்ட ஒரு நாளில் பதவியேற்றதாகக் கல்வெட்டு ஆய்வாளர் கீல்ஹார்ன் கணித்தார். ஆகவே முதல் ஆட்சியாண்டு 985 நடுவிலிருந்து 986 நடுவரை. இரண்டாம் ஆண்டு 986 நடுவிலிருந்து 987 நடுவரை. உடையார்குடிக் கல்வெட்டுக்கு 988 என்று ஒரு நூலில் பார்த்தால், அது எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். 25ஆம் ஆண்டு 1009 நடுவில் தொடங்குகிறது. அதன் 275ஆம் நாள் 1010 மார்ச் கடைசிக்கும் ஏப்ரல் கடைசிக்கும் இடையில் விழும். பெரிய கோயிலுக்கு 1010 என்று எல்லோரும் சொல்வது இந்தக் கணக்கில்தான். கணக்கு எளிது: பதவியேற்ற ஆண்டோடு ஆட்சியாண்டைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் அந்த ஆட்சியாண்டு தொடங்கும் கி.பி. ஆண்டு வரும், முடிவது அதற்கு அடுத்த ஆண்டில். இரண்டு கி.பி. ஆண்டுகளில் பரவுவதை ஒற்றை ஆண்டாக எழுதும் நூல்களில் ஓராண்டு வித்தியாசம் வருவது இயல்பு. இரண்டு, மூன்று ஆண்டு வித்தியாசம் வந்தால் அது பிழை, அல்லது வேறு அரசனின் கணக்கு.

வேறு அரசன் என்பது கற்பனையான ஆபத்தல்ல. சோழ அரசர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். ஒரு கல்வெட்டில் ‘கோப்பரகேசரிவர்மர்க்கு யாண்டு’ என்று மட்டும் இருந்தால் அது பலரில் ஒருவர். ‘மதுரை கொண்ட’ என்று அடைமொழி இருந்தால் முதலாம் பராந்தகன் என்று பிடித்துவிடலாம். அடைமொழி இல்லாதபோது எழுத்தமைதி, உள்ளே வரும் அதிகாரிகளின் பெயர், கோயிலின் மற்ற கல்வெட்டுகள் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு பின்னால் மாறலாம். ஒரு நூல் இந்தச் சிக்கலை ஒரு பத்தியிலாவது சொல்லிவிட்டு மேலே போகிறதா என்று பாருங்கள். சொல்லியிருந்தால் அந்த ஆசிரியருக்கு வேலை தெரியும்.

ஐரோப்பிய வரலாற்று நூல்களில் இதே சிக்கல் நாட்காட்டி வடிவில் வரும். கிரெகோரியன் நாட்காட்டியை முதலில் ஏற்ற நாடுகளில் 1582 அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15. பிரிட்டன் 1752இல்தான் மாறியது, ரஷ்யா 1918இல். அக்டோபர் புரட்சி பழைய கணக்கில் 1917 அக்டோபர் 25, புதிய கணக்கில் நவம்பர் 7. ஒரே அத்தியாயத்தில் லண்டன் செய்தியும் மாஸ்கோ செய்தியும் கலந்து வரும்போது எந்தக் கணக்கு என்று ஆசிரியர் முன்னுரையில் சொல்லியிருக்க வேண்டும். கி.மு.விலிருந்து கி.பி.க்குக் கணக்கிடும்போது சுழி ஆண்டு கிடையாது என்பதும் அடிக்கடி மறந்துபோகிறது. கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டார், கி.பி. 14இல் அகஸ்டஸ் இறந்தார். இடையில் 57 ஆண்டுகள், 58 அல்ல.

எண்களைப் பற்றி வாசகர்கள் பெரும்பாலும் வியப்பைத்தான் பதிவு செய்கிறார்கள், சந்தேகத்தை அல்ல. பழைய நூல்களில் வரும் படைபலம் எப்போதும் சந்தேகத்துக்கு உரியது. கி.மு. 480இல் கிரேக்கத்தின் மேல் படையெடுத்த பாரசீக மன்னன் செர்க்செஸின் காலாட்படை மட்டும் 17 லட்சம் என்றும், பணியாளர்களையும் சேர்த்து மொத்தம் 52,83,220 பேர் என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். கடைசி இலக்கம்வரை இருப்பதால் நம்பத் தோன்றும். அவ்வளவு பேருக்கு வழியில் தண்ணீரும் தானியமும் எங்கிருந்து கிடைத்திருக்கும் என்று கேட்டால் எண் உதிர்ந்துவிடும். இன்றைய ஆய்வாளர்கள் பலர் இதை ஒன்றிலிருந்து மூன்று லட்சத்துக்குள் வைக்கிறார்கள்.

அரசனின் வெற்றிகளைப் புகழ்ந்து கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் நம் மெய்க்கீர்த்திகளிலும் எண்கள் உண்டு. ராஜராஜன் கொண்டது ‘முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்’. பழந்தீவு என்று கருதப்படும் மாலத்தீவில் மொத்தமே ஆயிரத்து இருநூறு தீவுகளுக்குள்தான். சாளுக்கிய நாட்டைக் குறிக்கும் ‘இரட்டபாடி ஏழரை இலக்கம்’ என்பதில் வரும் ஏழரை லட்சம் அந்த நாட்டுப் பெயரோடு மரபாக ஒட்டி வரும் எண், யாரும் எண்ணிப் பார்த்த கிராமக் கணக்கு அல்ல. இவற்றைப் புள்ளிவிவரமாக எடுத்தாளும் நூலும் உண்டு, மரபென்று விளக்கும் நூலும் உண்டு.

ராஜராஜனின் மகன் ராஜேந்திரனின் கடாரப் (இன்றைய மலேசியாவின் கெடா) படையெடுப்பைப் பற்றி எழுதும் நூல்களில் இன்னும் கவனம் வேண்டும். ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்கிறது மெய்க்கீர்த்தி. ‘பல கலம்’, அவ்வளவுதான். சங்கிராம விசையோத்துங்கவர்மன் என்ற கடாரத்து அரசனையும், ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் என்று ஊர்களையும் அடுக்குகிறது. எத்தனை கப்பல், எத்தனை வீரர், எத்தனை நாள் பயணம் என்று சொல்லவில்லை. ஒரு நூல் கப்பல் எண்ணிக்கையைத் தந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அதேபோல், 1025இல் நடந்த இந்தப் படையெடுப்பை ‘தென்கிழக்கு ஆசியாவைச் சோழர் ஆண்டனர்’ என்று எழுதினால் அங்கே ஒரு பாய்ச்சல் இருக்கிறது. துறைமுகங்களைத் தாக்கி வென்றதற்குச் சான்று இருக்கிறது. அங்கே நிலவரி வாங்கி, அதிகாரிகளை வைத்து, தொடர்ந்து நிர்வாகம் நடத்தியதற்கு ஈழத்தில் கிடைக்கும் அளவுக்குச் சான்று இல்லை. வெற்றியின் பெருமையை இது குறைக்காது. கடல் கடந்து அவ்வளவு தூரம் ஒரு படையைக் கொண்டுபோனதே உலக வரலாற்றில் பேசப்பட வேண்டிய சாதனை. அதற்கு மேல் ஒட்டவைத்த அலங்காரம்தான் பிறர் முன் நம் பேச்சைப் பலவீனமாக்குகிறது.

மேற்கோள்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். ‘ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்’ என்பது மேரி அன்டாய்னெட் பெயரில் இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ரூசோ தன்வரலாற்று நூலில் பெயர் சொல்லாத ‘ஒரு பெரிய இளவரசி’ இப்படிச் சொன்னதாக எழுதியபோது, 1755இல் பிறந்த அன்டாய்னெட் சிறுமி. அவர் பிரான்சுக்கு வந்ததே 1770இல். இது பலமுறை மறுக்கப்பட்ட செய்தி. ஆகவே இதை ஒரு சோதனைக் கருவியாகவே பயன்படுத்தலாம். பிரெஞ்சுப் புரட்சி பற்றிய நூலில் இது மறுப்பின்றி இருந்தால் மற்ற மேற்கோள்களையும் ஐயத்தோடுதான் படிக்க வேண்டும்.

‘மறைக்கப்பட்ட வரலாறு’ என்று புகழப்படும் நூல்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மறைப்பு நடந்ததே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பாடத்திட்டத்தில் தென்னகத்துக்குக் கிடைக்கும் இடம் போதாது என்பது எனக்கும் உறுத்தல்தான். ஆனால் அந்தச் சொல் அட்டையில் இருப்பது மட்டும் தகுதியல்ல. ‘மறைத்ததாக’ச் சொல்லப்படும் செய்தி எப்போது கிடைத்தது என்று பாருங்கள். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரி மாதிரிக்குக் கி.மு. 580 என்ற காலம் கிடைத்ததைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிக்கையாக வெளியிட்டது. அதற்கு முன் அச்சான நூலில் அது இல்லாததை மறைப்பு என்று சொல்ல முடியாது. அதே அறிக்கையில் 200 செ.மீ. ஆழத்து மாதிரிக்குக் கி.மு. 205 என்று வருகிறது. ஆக, காலம் என்பது அந்த மாதிரிக்கும் அது கிடைத்த மண்ணடுக்குக்கும் உரியது. கீழடியில் கிடைத்த எல்லாப் பொருளையும் ஒரே வீச்சில் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று எழுதும் நூல் ஆழத்தைக் கவனிக்கவில்லை என்று பொருள். பொருளின் பெயரோடு குழி எண்ணும் ஆழமும் தரும் நூலுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம்.

‘ஒரு சார்பு’ என்ற குற்றச்சாட்டு இருக்கிறதே, அதைச் சொல்வது எளிது, காட்டுவது கடினம். ஆசிரியருக்குக் கருத்து இருப்பது சார்பல்ல. தன் கருத்துக்கு எதிரான சான்றைத் தெரிந்தும் விட்டுவிடுவதுதான் சார்பு. அதைக் காட்ட, விடுபட்ட சான்று எது என்று சொல்ல வேண்டும். சான்றுக்கே சார்பு உண்டு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சங்க காலத்துக்குப் பின் தமிழகத்தை ஆண்ட களப்பிரர் காலத்தை ‘இருண்ட காலம்’ என்று எழுதுவதற்கு ஆதாரமாக நிற்பவற்றில் முக்கியமானது வேள்விக்குடிச் செப்பேடு. சங்ககாலப் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி கொடுத்த ஊரைக் களப்பிரர் பறித்தனர், பிற்காலப் பாண்டியன் நெடுஞ்சடையன் மீட்டுக் கொடுத்தான் என்கிறது அது. எழுதியது களப்பிரரை வென்ற பாண்டியர் தரப்பு, எழுதப்பட்டது நில உரிமையை நிலைநாட்ட. இந்த இரண்டையும் சொல்லாமல் அந்தச் செப்பேட்டை மட்டும் வைத்து ஒரு நூல் முடிவுக்கு வந்தால், ‘சார்பு’ என்ற வார்த்தையை அங்கே துணிந்து பயன்படுத்தலாம். காரணத்தோடு.

மொழிபெயர்ப்பு நூல்களைப் பற்றிச் சுருக்கமாக. ‘ஓடவில்லை’ என்பதைவிட, மூன்று விஷயங்களைப் பார்த்துச் சொன்னால் பயன். அசலில் இருந்த பின்குறிப்புகளும் பொருளடைவும் தமிழ்ப் பதிப்பில் இருக்கின்றனவா? மில்லியன் பத்து லட்சமாகவும் பில்லியன் நூறு கோடியாகவும் சரியாக மாறியிருக்கின்றனவா? ஒரு சுழி போனால் போர்ச் சாவுகளும் மக்கள்தொகையும் பத்து மடங்கு மாறிவிடும். மூன்றாவது, ஒரே மனிதரின் பெயர் நூல் முழுக்க ஒரே எழுத்துக்கூட்டலில் வருகிறதா? முப்பதாம் பக்கத்தில் ஒரு மாதிரியும் முந்நூறாம் பக்கத்தில் வேறு மாதிரியும் வந்தால் வாசகர் இருவர் என்று நினைத்துவிடுவார்.

பதிப்புப் பக்கத்தைப் படிக்காமல் கருத்து எழுதக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘ஏழாம் பதிப்பு’ என்று இருப்பது பெரும்பாலும் ஏழாவது அச்சுதான், திருத்தமல்ல. முதல் பதிப்பு எந்த ஆண்டு, திருத்திய பதிப்பு எந்த ஆண்டு என்று இரண்டையும் பாருங்கள். நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு 1935, 1937 ஆண்டுகளில் இரண்டு பகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தது, 1955இல் திருத்திய பதிப்பு வந்தது. 1937இல் அவர் எழுதியதை 1955இல் மாற்றியிருக்கிறாரா என்று பார்க்காமல் முதல் பதிப்பை மட்டும் வைத்து அவரைக் குறைசொல்லும் நூல்களும் உண்டு, அந்த நூல்களை அப்படியே பாராட்டும் கருத்துகளும் உண்டு.

கருத்து எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிழையைக் கண்டால் பக்க எண்ணும் பதிப்பாண்டும் குறிப்பிடுங்கள். நூலில் இருக்கும் வாக்கியத்தை ஒரு வரி எடுத்துக்கொடுத்து, சரியான தகவல் எந்தச் சான்றில் இருக்கிறது என்றும் சொல்லுங்கள். சிறுபிழையையும் அடிப்படைப் பிழையையும் பிரித்துச் சொல்லுங்கள். 400 பக்க நூலில் நான்கு ஆண்டுகள் தவறாக அச்சாகியிருப்பது அடுத்த பதிப்பில் திருத்தக்கூடியது. ஒரு அத்தியாயம் முழுக்க ஒற்றை ஊகத்தின் மேல் நிற்பது அப்படியல்ல. நன்றாக இருப்பதையும் இதே துல்லியத்தோடு சொல்லுங்கள். “ஐந்தாம் அத்தியாயத்தில் பிராமணர்களுக்குக் கொடுத்த பிரம்மதேயத்துக்கும் கோயிலுக்குக் கொடுத்த தேவதானத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே ஊரின் கல்வெட்டுகளை வைத்து விளக்கியிருக்கிறார், வரைபடத்தில் கால்வாய்வரை குறித்திருக்கிறார்” என்று ஒருவர் எழுதினால் நான் அந்தப் புத்தகத்தை அன்றே தேட ஆரம்பித்துவிடுவேன்.

வரைபடம் என்றதும் ஒன்று. சோழப் பேரரசு என்று ஒரே வண்ணத்தில் கங்கைவரை பூசிய படம் பல நூல்களில் இருக்கிறது. நேரடி ஆட்சி, திறை செலுத்திய பகுதி, படை சென்று திரும்பிய வழி என்ற மூன்றுக்கும் மூன்று குறியீடு வேண்டும், எந்த ஆண்டுக்கான படம் என்றும் கீழே இருக்க வேண்டும். ஆண்டு இல்லாத வரைபடம் கண்ணில் பட்டால் அதையும் உங்கள் கருத்தில் எழுதுங்கள். பதிப்பாளர்கள் படிக்கிறார்கள், அடுத்த பதிப்பில் இதைத் திருத்துவது அவர்களுக்குப் பெரிய செலவும் அல்ல.